‘பிரிக்காத உறை’ என்று விற்கும் 1960 ப்ரூஃப் செட்: காசு கொடுக்கும் முன் படியுங்கள்

அமெரிக்க நாணயச் சாலையான மிண்ட், சேகரிப்பாளர்களுக்கென்றே பளபளப்பாக அடித்து விற்கும் காசுத் தொகுப்புதான் ப்ரூஃப் செட். அதில் பழைய செட்களைச் சேர்ப்பவர்களுக்கு, அதுவும் புதிதாக இறங்கியிருப்பவர்களுக்கு இந்தப் பதிவு. ‘மிண்டிலிருந்து வந்தபடியே இருக்கிறது, உறை பிரிக்கப்படவில்லை’ என்று ஏலத்துக்கு வரும் செட்களிடம் உஷாராக இருங்கள். அப்படி ஒன்றுக்கு வழக்கமான விலையைப் போலப் பல மடங்கு வாங்கிக்கொண்டு என்னை ஒரு வியாபாரி ஏமாற்றினார். ஆளின் பெயர் வேண்டாம், அவர் செய்த வித்தையைச் சொல்கிறேன்.

1950களின் நடுவிலிருந்து 1964 வரை ஃபிலடெல்ஃபியா மிண்ட் தன் ப்ரூஃப் செட்டைத் தட்டையான பிளாஸ்டிக் தாளில் அடைத்து, காகித உறையில் போட்டு விற்றது. சென்ட், நிக்கல் (5 சென்ட்), டைம் (10 சென்ட்), குவார்ட்டர் (25 சென்ட்), அரை டாலர் என ஐந்து காசுகள், ஒவ்வொன்றுக்கும் தனி அறை. விலை 2 டாலர் 10 சென்ட். 1960இல் மட்டும் விற்றது 16,91,602 செட். ஆக, அரிய பொருள் இல்லை. ஆனால் அந்த ஆண்டு லிங்கன் உருவம் பொறித்த சென்ட்டில், ஆண்டு எண்ணின் அளவை வைத்து இரண்டு வகை உண்டு. ஆண்டின் தொடக்கத்தில் அடித்தது சிறிய தேதி, பிறகு அச்சை மாற்றி அடித்தது பெரிய தேதி. சிறிய தேதி இருக்கும் செட்டுக்குக் கூடுதல் விலை. பிரிக்காத உறைக்கு இருக்கும் மவுசு பெரும்பாலும் இதனால்தான்.

வியாபாரி எழுதியிருந்தது இது: “வருடத் தொடக்கத்தில் வாங்கி அப்படியே வைத்தது. சிறிய தேதிக்கு நல்ல வாய்ப்பு. அரை டாலர் கேமியோவாகக்கூட இருக்கலாம்.” புது அச்சில் முதலில் அடிபடும் காசுகளில் உருவம் பனி படிந்தாற்போல வெளுத்தும், பின்புலம் கண்ணாடி போலப் பளபளத்தும் நிற்கும், அதைத்தான் கேமியோ என்கிறோம். ஃபிராங்க்ளின் அரை டாலரில் அது நன்றாக அமைந்தால் விலை எங்கேயோ போகும். ஆனால் கவனியுங்கள், எதையும் அவர் உறுதியாகச் சொல்லவில்லை. கெட்டிக்காரர்!

உள்ளே இருந்தது பெரிய தேதி. சரி, அது என் அதிர்ஷ்டம் என்று விட்டிருப்பேன். ஆனால் அரை டாலர் மங்கிக் கிடந்தது, லிபர்ட்டி மணிக்கு மேலேயே விரல் ரேகை. லென்ஸ் வைத்துப் பார்த்தபோது, மற்ற நான்கு அறைகளின் ஓரமும் ஒரே மாதிரி இருக்க, அரை டாலர் இருந்த அறையில் மட்டும் வெட்டித் திரும்பச் சூடு காட்டி ஒட்டிய தடம் தெரிந்தது. உறையின் மடிப்பில் பழுப்பேறிய பழைய கோந்து, அதன் மேல் வெள்ளையாகப் புதுக் கோந்து. நல்ல காசை உருவிவிட்டு, மட்டமானதைச் செருகி, உறையை மூடியிருக்கிறார்கள்.

படங்களோடு எழுதினேன். வந்த பதில்: “நீங்கள் பிரித்துவிட்டீர்கள். காசை நீங்களே மாற்றவில்லை என்பதற்கு என்ன ஆதாரம்?” ஏல நிறுவனமும் அதையே சொன்னது: மூடிய உறை என்று விற்றார், மூடிய உறை வந்து சேர்ந்தது, வழக்கு முடிந்தது. கிரெடிட் கார்டு நிறுவனத்திடம் போனேன், அங்கேயும் கைவிரித்துவிட்டார்கள். மாட்டிக்கொள்ளாத வியாபாரம் இது. பிரிக்காத வரை உள்ளே இருப்பது தெரியாது, பிரித்த பிறகு கேள்வி கேட்க முடியாது. இப்படி விற்பவர் உள்ளே இருப்பதை ஏற்கெனவே பார்த்திருப்பார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். சிறிய தேதி இருந்திருந்தால் அதைச் சொல்லியே விற்றிருப்பாரே, எதற்கு மூடி வைக்க வேண்டும்?

இன்னொன்று, அந்தப் பிளாஸ்டிக் தாள் ஒளி ஊடுருவுவது. உறையிலிருந்து எடுத்த செட்டை அடைப்பைத் தொடாமலே இருபுறமும் பார்க்கலாம், விலையும் குறைவு. சென்ட்டைப் பெரிதாக்கிய படம் கேளுங்கள். சிறிய தேதியில் 1, 9 இரண்டின் தலையும் ஒரே மட்டத்தில் இருக்கும். பெரிய தேதியில் 1 கொஞ்சம் தாழ்ந்து நிற்கும். படம் தர மாட்டேன் என்றால் அடுத்த ஆளைப் பாருங்கள். விலை பேசும்போது வெள்ளிக் கணக்கையும் மனதில் வையுங்கள். 1964 வரை டைம், குவார்ட்டர், அரை டாலர் மூன்றும் 90 சதவீத வெள்ளி. ஒரு செட்டில் சுமார் 19 கிராம் தூய வெள்ளி தேறும். அன்றைய வெள்ளி விலையைவிட மிக அதிகமாகக் கேட்டால், எதற்கு என்று காசையே காட்டச் சொல்லுங்கள்.

1964 உறைகளிலும் இதே கதைதான், அங்கே தூண்டில் கென்னடி அரை டாலரின் ‘அக்சென்டெட் ஹேர்’ வகை, அதாவது தலைமுடிக் கோடுகள் அழுத்தமாக இருக்கும் வகை. 1965 முதல் 1967 வரை மிண்ட் ப்ரூஃப் செட்டே விற்கவில்லை, ‘ஸ்பெஷல் மிண்ட் செட்’ மட்டும்தான். அதை ப்ரூஃப் என்று தள்ளிவிடுகிறவர்களும் உண்டு. 1968 முதல் வந்த கெட்டிப் பிளாஸ்டிக் பெட்டிகளைத் திறந்து காசு மாற்றுவது இன்னும் சுலபம். சான் பிரான்சிஸ்கோ மிண்டின் ‘எஸ்’ குறி தவறுதலாக விடுபட்ட 1970இன் அரிய டைம் என்று யாராவது நீட்டினால், காசுகளைச் சோதித்துத் தரம் சொல்லும் பிசிஜிஎஸ் அல்லது என்ஜிசி நிறுவனத்தின் சான்று இல்லாமல் தொடாதீர்கள். அந்தச் சான்று எண்ணையும் அவர்கள் தளத்தில் சரிபாருங்கள்.

அந்த வியாபாரி இப்போதும் விற்றுக்கொண்டுதான் இருக்கிறார். பச்சை விரிப்பின் மேல் உறைகளை விசிறி போலப் பரப்பி எடுத்த ஒரே படத்தைத்தான் எல்லா ஏலத்துக்கும் போடுகிறார். மடிப்புப் பக்கத்தின் படம் ஒன்றுகூட இருக்காது.