பீர்ஸ் குழுப் பயிற்சி: பெற்றோர் அறையில்தான் பாதி வேலை

பதின்வயதுப் பிள்ளைகளை உட்காரவைத்து "எல்லோரிடமும் நட்பாகப் பழகுங்கள்" என்று உபதேசிக்கும் வகுப்புகளுக்குப் பஞ்சமில்லை. பீர்ஸ் (PEERS) அந்த ரகம் இல்லை: நண்பர்களைச் சேர்த்துக்கொள்வதையும் நட்பைக் காப்பதையும் படிப்படியாகப் பழக்கும் பயிற்சி. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் எலிசபெத் லாகெசனும் பிரெட் ஃபிராங்கலும் உருவாக்கிய திட்டம் இது. ஆட்டிசம் உள்ளவர்களுக்காகத் தொடங்கி, இன்று ஏ.டி.எச்.டி. (கவனச் சிதறலும் மிகைத் துடிப்பும்), பதற்றம் உள்ள பிள்ளைகளுக்கும் பயன்படுகிறது. மொத்தம் 16 வாரம், வாரம் ஒருமுறை 90 நிமிடம், குழுவுக்கு 7 முதல் 10 பேர். அதே நேரத்தில் பக்கத்து அறையில் பெற்றோருக்கும் வகுப்பு நடக்கும். திட்டத்தின் உயிரே அந்த இரண்டாவது அறையில்தான் இருக்கிறது.

பாடங்கள் பொத்தாம்பொதுவாக இல்லை என்பதுதான் முதல் பலம். பேசிக்கொண்டிருக்கும் நாலு பேரோடு போய்ச் சேர்வது எப்படி என்ற பாடத்தையே பாருங்கள். சற்றுத் தள்ளி நின்று காது கொடுக்க வேண்டும். வெறித்துப் பார்க்கக் கூடாது, கையில் போனோ புத்தகமோ இருந்தால் நல்லது. என்ன பேச்சு என்று பிடிபட்டதும், அது தனக்கும் தெரிந்த விஷயமா என்று யோசிக்க வேண்டும். தெரிந்ததென்றால் ஓரடி நெருங்கி, பேச்சில் இடைவெளி விழும்வரை பொறுத்து, அதே விஷயத்தை ஒட்டி ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். அவர்கள் முகம் கொடுத்துப் பேசவில்லையா? பார்வையைத் திருப்பி, உடம்பைத் திருப்பி, நகர்ந்துவிடலாம். பிள்ளைகள் சறுக்கும் இடமும் எப்போதும் ஒன்றுதான்: காது கொடுக்காமல், தனக்குப் பிடித்த விஷயத்தோடு உள்ளே குதிப்பது.

இதைப் பயிற்றுநர்கள் முதலில் தப்பாக நடித்துக் காட்டுகிறார்கள். உடனே மூன்று கேள்விகள்: எதிரில் இருந்தவருக்கு எப்படி இருந்திருக்கும்? என்னைப் பற்றி என்ன நினைத்திருப்பார்? மறுபடி என்னோடு பேச விரும்புவாரா? பிறகுதான் சரியான வடிவம். தப்பைப் பார்த்துச் சிரிக்கும் பிள்ளை அந்தக் கேள்விகளுக்குத் தானே பதில் கண்டுபிடிக்கிறது. நீளமான விளக்கவுரை இந்த வேலையைச் செய்யாது.

கேலிக்கான பாடமும் நடைமுறை அறிந்தது. "கண்டுகொள்ளாதே" என்ற வழக்கமான அறிவுரையை இங்கே தள்ளிவிடுகிறார்கள். பேசாமல் நின்றால் கேலி நீளும். "அதனால என்ன?" என்று சலிப்பாக ஒன்றைச் சொல்லிவிட்டு நகர்வதுதான் உத்தி. அடி உதைக்கு இது பொருந்தாது, அங்கே பெரியவர்கள் தலையிட்டே ஆக வேண்டும். இத்தகைய பதில்களை அவரவர் ஊர்ப் பிள்ளைகள் பேசும் பேச்சுக்கு மாற்றித்தான் கற்பிக்க வேண்டும். கையேட்டை அப்படியே வாசிக்கும் பயிற்றுநரிடம் அது செயற்கையாக ஒலிக்கும்.

பெற்றோர் அறையில் பெரும்பகுதி நேரம் வீட்டுப்பாடத்துக்கே போகிறது. தங்கள் பிள்ளை குழுவில் உள்ள இன்னொரு பிள்ளையோடு போனில் பேசியதா, யார் அழைத்தது, இருவருக்கும் பொதுவான விஷயம் என்ன கிடைத்தது என்று ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும். பின்னால் வரும் வாரங்களில் நண்பரை வீட்டுக்கு அழைக்கும் வேலை வரும்: ஏதாவது ஒரு விளையாட்டையோ படத்தையோ மையமாக வைத்து, முதல் தடவை இரண்டு மணி நேரத்துக்குள் முடித்துவிடுவது நல்லது. பயிற்சி அறைக்குள் அழகாகப் பேசும் பிள்ளை பள்ளியில் வாய் திறக்காமல் போவதற்குக் காரணம், பெரும்பாலும் இந்த வீட்டுப்பாடம் நடக்காததுதான். இறக்கிவிட்டு மணி முடிந்ததும் கூட்டிக்கொண்டு போகும் பெற்றோருக்கு இது காசுக்குப் பிடித்த கேடு.

2009இல் வெளியான ஆரம்ப ஆய்வில் 33 பிள்ளைகளே இருந்தார்கள். முன்னேற்றம் முக்கியமாகப் பெற்றோர் மதிப்பீட்டில் தெரிந்தது. அதன்பின் ஆய்வுகள் பெருகியிருக்கின்றன என்றாலும், பெற்றோர் தந்த மதிப்பெண்ணை அவர்களே உழைத்த உழைப்பின் கணக்காகவும் கொஞ்சம் படிக்க வேண்டும்.

பெரிய குறை வேறு. எல்லோரையும் போல நடந்துகொள்ளச் சொல்வது ஆட்டிசம் உள்ள பிள்ளையைத் தன் இயல்பை மறைக்கப் பழக்குகிறது என்ற விமர்சனம் நியாயமானதே. கண்ணைப் பார்த்துப் பேசியே தீர வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கும் பயிற்றுநரைத் தவிர்த்துவிடுங்கள்.

சேர்ப்பதற்கு முன் பிள்ளையிடமே தனியாகக் கேட்க வேண்டும்: நண்பர்கள் வேண்டுமா? "அம்மா சொன்னாங்க" என்று வந்த ஒருவர் போதும், மொத்தக் குழுவும் குலைந்துவிடும். குழுவில் ஒரே ஒரு பெண் பிள்ளை இருக்கும்படி அமைத்தாலும் சிக்கல். அவளுக்குப் போனில் பேசிப் பழகத் தோழி இருக்க மாட்டாள். ஒவ்வொரு வாரமும் முந்தைய வாரத்தின் மேல்தான் ஏறுகிறது, அதனால் நடுவில் நீண்ட பயணமோ பரீட்சையோ வரும் என்று தெரிந்தால் அடுத்த குழுவுக்குப் பெயர் கொடுப்பதே மேல்.