மேக்கிங் எ மர்டரர்: எழுப்பிய ஐயமும் விட்டுவிட்ட தடயமும்

நெட்ஃபிளிக்ஸ் 2015 டிசம்பரில் வெளியிட்ட இந்த ஆவணத் தொடரின் முதல் பருவம், செய்யாத குற்றத்துக்காக 18 ஆண்டுகள் சிறையில் கழித்து, 2003இல் மரபணுச் சோதனையால் விடுதலையான, அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்துக்காரர் ஸ்டீவன் ஏவரி, 2007இல் கொலை வழக்கொன்றில் தண்டிக்கப்பட்டதை 10 பகுதிகளில் விவரிக்கிறது. அவருடைய சகோதரி மகனான 16 வயது பிரெண்டன் டாசியை, பெற்றோரோ வழக்கறிஞரோ உடனில்லாத அறையில், விடையை வினாவிலேயே வைத்து அதிகாரிகள் விசாரிக்கும் காட்சிகள் நெஞ்சைப் பதறவைக்கின்றன. அந்தக் கொலையில் தனக்கும் ஏவரிக்கும் பங்குண்டு என்று அங்கே டாசி தந்த வாக்குமூலத்தை என்னால் நம்ப இயலவில்லை. ஆனால் அது ஏவரியின் விசாரணையில் சான்றாக வைக்கப்படவே இல்லை என்பதால், அதன் பலவீனம் மட்டுமே அவரை நிரபராதி ஆக்கிவிடாது. கொல்லப்பட்ட பெண்ணின் காரில், பானெட் கொக்கியில் கிடைத்த ஏவரியின் மரபணுத் தடயத்தை முதல் பருவம் சொல்லாமல் விட்டது மன்னிக்க முடியாத குறை. பார்ப்பவர்கள் வழக்கு ஆவணங்களையும் சேர்த்து வாசிக்குமாறு வேண்டுகிறேன்.