மும்பையில் சொந்த வீடு: எஸ்.ஆர்.ஏ.வா, மகாடா லாட்டரியா?

சயான், அன்டாப்ஹில் பக்கம் குடிசையில் இருப்பவர்களுக்கு எஸ்.ஆர்.ஏ.தான் (குடிசையை இடித்து, அதற்குப் பதில் வீடு கட்டித் தரும் அரசுத் திட்டம்) நல்லது என்பேன். 300 சதுர அடி வீடு, காசில்லாமல். இப்படி இலவசமாகக் கிடைக்க, 2000 ஜனவரி 1-க்கு முன்பே குடியிருந்ததற்குச் சான்று வேண்டும். அதற்குப் பிறகு 2011 ஜனவரி 1 வரை வந்தவர்கள் பணம் கட்ட வேண்டும். பழைய கரண்ட் பில், வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள பக்கம், இரண்டையும் பத்திரப்படுத்துங்கள். மராத்தி வாக்காளர் பட்டியலில் நம் தமிழ்ப் பெயர்கள் எழுத்துப் பிழையால் படாதபாடு படும். ஆதாரோடு ஒத்துப்போகிறதா என்று இப்போதே பாருங்கள். பெரிய கஷ்டம், பில்டர் கட்டி முடிக்கும்வரை டிரான்சிட் கேம்பிலோ (தற்காலிகக் குடியிருப்பு) வாடகை வீட்டிலோ காத்திருப்பது. அந்த வாடகைப் பணத்துக்கு பில்டரிடம் எழுத்தில் உறுதி வாங்காமல் குடிசையைக் காலி செய்யாதீர்கள்.

வாடகைக்கு இருப்பவர்களுக்கு மகாடா, அதாவது மகாராஷ்டிர அரசின் வீட்டுவசதி அமைப்பு குலுக்கல் முறையில் விற்கும் வீடு. குடும்ப ஆண்டு வருமானம் 6 லட்சத்துக்குள் என்றால் நலிந்த பிரிவு. டொமிசைல் (மாநிலத்தில் வசிப்பதற்கான) சான்றிதழ் கட்டாயம். குலுக்கலில் பெயர் விழுந்தாலும் விலை கட்டியாக வேண்டும். வங்கிக் கடனுக்கு முன்பே பேசி வையுங்கள்.