ஆம்னி சீட்டுக்கு அடியில் இருக்கும் அந்த அலுமினிய வட்டு எது?

விடுமுறைக்கு ஊருக்கு வருகிறவர்கள் வீட்டில் சும்மா நிற்கும் பழைய மாருதி ஆம்னி வேனை ஓடவைக்கப் பார்ப்பது நெல்லைப் பக்கம் வழக்கம். முன் சீட்டைத் தூக்கினால் 796 சிசி, மூன்று சிலிண்டர் இன்ஜின். அதன் ஓரத்தில் உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு அலுமினிய வட்டு தொங்கும். போட்டோ எடுத்து அனுப்பினால் ஃப்யூல் பம்ப், ஏசி சாமான் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள்.

போட்டோவை விட்டுவிட்டு ஹோஸைப் பிடித்துக்கொண்டே போங்கள். கூலண்ட் ஹோஸ் இரண்டு, பின்னால் கேஸ் டேங்கிலிருந்து வரும் மெல்லிய செம்புக் குழாய் ஒன்று, ஏர் ஃபில்டருக்குக் கீழே மிக்சருக்கு (கேஸைக் காற்றோடு கலக்கும் சாமான்) போகும் தடித்த ரப்பர் ஹோஸ் ஒன்று: இவ்வளவும் இருந்தால் அது எல்பிஜி வேப்பரைசர். திரவ கேஸை ஆவியாக்க இன்ஜின் சூட்டைக் கூலண்ட் வழியாக வாங்கிக்கொள்கிறது. கேஸ் போடுவதை நிறுத்தி வருடங்கள் ஆனாலும் கூலண்ட் அதற்குள் ஓடிக்கொண்டேதான் இருக்கும். உள்ளே கேஸ்கட் போனால் தண்ணீர் சொட்டும், இன்ஜின் சூடேறும், இன்ஜினின் மேல்மூடியான ஹெட் வளையும். ராதாபுரம், திசையன்விளைப் பக்கத்து உப்புப் போர்த் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றிய வண்டி என்றால் இது இன்னும் சீக்கிரம் நடக்கும்.

கார்புரேட்டர் வண்டியில் இன்னொரு சாமானும் ஒளிந்திருக்கும். பெட்ரோல் பம்புக்கும் கார்புரேட்டருக்கும் நடுவில் இரண்டு வயர் போட்ட சின்ன சோலனாய்டு, அதாவது கரண்டில் திறக்கும் வால்வு. கரண்ட் வராவிட்டால் பெட்ரோலை அடைத்துவிடும். பெட்ரோல்-கேஸ் மாற்றும் பழைய சுவிட்சில் பியூஸ் போனாலே வண்டி ஸ்டார்ட் ஆகாது. இதைப் பார்க்காமல் பம்பை மாற்றி, கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவிப் பில் போடும் பட்டறைகள் உண்டு. அந்தச் சுவிட்சைப் பெட்ரோல் பக்கம் வைத்துச் சாவியைத் திருப்புங்கள். ‘டக்’ என்று சத்தம் வர வேண்டும். வராவிட்டால் டெஸ்ட் லாம்ப் வைத்து வயரைப் பாருங்கள். அதனால் மெக்கானிக்குக்கு முன்னால் ஆட்டோ எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுவதுதான் சரி.

கேஸ் இனி வேண்டாம் என்றால் முதலில் டேங்க் வால்வை மூடி, இன்ஜினைக் கேஸில் ஓடவிட்டுத் தானாக நிற்க விடுங்கள், குழாய் காலியாகும். கேஸில் ஓடாத வண்டியில் குழாயைக் கழற்றும் வேலையையும் கேஸ் கிட் (வண்டியில் பொருத்திய எல்பிஜி சாமான்கள்) ஃபிட்டரிடமே விடுங்கள். எல்பிஜி காற்றைவிடக் கனம், வேனின் தரையிலேயே தங்கும். கதவுகளைத் திறந்துவைத்து, சோப்புத் தண்ணீர் தடவிக் கசிவு பாருங்கள். டேங்கை அங்கீகாரம் பெற்ற கேஸ் கிட் ஃபிட்டர்தான் கழற்ற வேண்டும். கேஸ் வெல்டிங் வைத்திருக்கிற பட்டறையில் அதைத் தொடவே விடாதீர்கள்.

வேப்பரைசரைக் கழற்றியபின் கூலண்ட் ஹோஸ் இரண்டின் வாயையும் போல்ட் வைத்து அடைப்பது இங்கே சாதாரணம். அது தப்பு, கூலண்ட் சுற்றுவது நின்றுபோகலாம். உலோக ஜாயின்ட் ஒன்றும் கிளாம்ப் இரண்டும் போட்டு ஹோஸ்களை ஒன்றோடொன்று இணைக்கச் சொல்லுங்கள். கூலண்ட் பாதி, டிஸ்டில்ட் வாட்டர் பாதி. ஆம்னியில் ரேடியேட்டர் முன்னால், இன்ஜின் சீட்டுக்கு அடியில். நீளக் குழாயில் காற்று தங்கும். இன்ஜின் ஆறியிருக்கும்போதே மூடியைத் திறந்து, ஸ்டார்ட் செய்து, குமிழி அடங்கும்வரை ஊற்றிக்கொண்டே இருங்கள். மிக்சரையும் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் காற்று குறையும். சோலனாய்டு இருந்த இடத்தில் பெட்ரோல் ஹோஸ்தான் போட வேண்டும், தண்ணீர் ஹோஸ் ஊறிப்போகும். அளவுக்குப் பழைய துண்டைக் கொண்டுபோய் ‘அண்ணாச்சி, இதே விட்டம்’ என்று கேளுங்கள்.

கேஸ் தொடரட்டும் என்றால் வேப்பரைசருக்கு ரிப்பேர் கிட் வாங்கி டயாஃப்ரம் (உள்ளே இருக்கும் ரப்பர் சவ்வு) மாற்ற வேண்டும். வேப்பரைசர் உடம்பில் அச்சாகியிருக்கும் கம்பெனிப் பெயரையும் எண்ணையும் துடைத்துப் படம் எடுத்துக்கொண்டு போங்கள். ஆம்னி கிட் என்று மட்டும் கேட்டால் கிடைப்பது பொருந்தாது. கேஸ் டேங்குக்கு 5 வருடத்துக்கு ஒருமுறை பிரஷர் டெஸ்ட் உண்டு.

ஆர்.சி.யில் பெட்ரோல்/எல்பிஜி என்று இருந்தால், கிட்டைக் கழற்றியதை ஆர்.டி.ஓ. ஆபீசில் பதிய வேண்டும். டிஎன் 72 (நெல்லைப் பதிவு) வண்டி 15 வருடம் தாண்டி, 5 வருடப் புதுப்பிப்புக்கு நிற்கும்போதுதான் இது இடிக்கும். ஆர்.சி. அப்பா பெயரில் இருந்தால் கையெழுத்துக்கு அவர் வேண்டும்; ஊருக்கு வர விமான டிக்கெட் போடுவதற்கு முன்னால் இதைக் கேட்டுவையுங்கள்.