மார்கழிக்கு "கட்லா செட்"னு சொல்லி ரூ.6,850 விழுங்கிட்டாங்க, நீங்களாவது ஏமாறாதீங்க

ரூ.6,850. தொகையை முதல்லயே சொல்லிடறேன், எரியறது அங்கதான். போன்ல விளம்பரம் ஓட்டித் தூண்டில் சாமான் விக்கிற பக்கங்க நெறைய இருக்குதுங்களே, அதுல ஒண்ணு. பேரப் போட்டா நாளைக்கே வேற பேர்ல வந்துருவாங்க, அதனால பேர் வேண்டாம். ரீல் விக்கறேன்னு ரீல் விட்டுட்டாங்க, அவ்வளவுதான். பெட்டி வந்து நாலு நாள்தான் ஆகுது. வாங்கறவங்க என்னென்ன பாக்கணும்னு கடைசியில வரிசையா எழுதறேன்.

"குளிர்கால கட்லா செட்". எட்டரை அடி கார்பன் ராடு, 4000 சைஸ் ரீல், 0.28 மில்லிமீட்டர் ஃபுளூரோகார்பன் நரம்பு (தூண்டில் நூல்) 150 மீட்டர், பத்தாம் நம்பர் முள்ளு கட்டுன ஸ்பிரிங் (மாவை அப்பி வைக்கிற கம்பிச் சுருள்) ஆறு, நீளத் தக்கை மூணு. வெலை ரூ.7,200. முன்பணமாக் கட்டுனா 350 தள்ளுபடி. ஆக ரூ.6,850.

இதுல எதுவும் ஆடம்பரம் இல்லீங்க. மார்கழி, தையில நம்ம பக்கம் விடியக்காலம் 18, 20 டிகிரிக்கு எறங்குது. தண்ணி குளுந்தா மீனோட ஒடம்பும் அதே சூட்டுக்குத்தான் வரும், செரிமானம் மட்டுப்படும், தீனி கொறையும். ஆவணியில தக்கைய முக்கிட்டு ஓடுற கட்லா, இப்ப மாவைச் சும்மா உறிஞ்சிப் பாத்துட்டு விட்டுரும். தக்கை அரை வெரக்கடை மேல எந்திரிக்கும், இல்ல லேசாச் சாயும். அதான் கடி. அதப் பாக்கணும்னா தக்கை நுனி மட்டும் தெரியற மாதிரி ஈயம் போட்டு முக்கி வைக்கணும். நரம்பு சன்னமா இருக்கணும், முள்ளு சிறுசா இருக்கணும், ராடு கையில கனக்கக் கூடாது. வாடைக்காத்து வேற. நரம்பு தண்ணி மேல கெடந்தா காத்து அதை வில்லு மாதிரி வளச்சுத் தக்கையையும் இழுத்துட்டுப் போயிரும். தக்கையோட அடிக்காதுல மட்டும் நரம்பைக் கோத்து, வீசுனதும் ராடு நுனியத் தண்ணிக்குள்ள முக்கி ரெண்டு சுத்து சுத்துனா, அமுங்கற நரம்பு அடியில போயிரும். ஃபுளூரோகார்பன் கேக்கறது இதுக்காகத்தான்.

இதையெல்லாம் அந்தப் பக்கத்துல சாமான் விக்கிற தம்பி போன்ல தானாச் சொன்னான். நம்பினது அந்த எடத்துலதான். "எந்தத் தண்ணிங்ணா, அணையா, கதவணையா, குளமா?"ன்னு முதக் கேள்வி. காவிரியில நெரிஞ்சிப்பேட்டைக் கதவணைக்கு மேல்புறம்னு சொன்னதும், "அப்ப பத்து மணிக்கு முன்ன ஒக்காராதீங்ணா, வெயில் ஏறி மூணு மணி வரைக்கும்தான். மாவு கொஞ்சமாப் போடுங்க, இறுக்கிப் பெசையாதீங்க, குளுந்த தண்ணியில கரையாது"ங்கறான். அத்தனையும் சரி. கோடையில ஒரு கிலோ புண்ணாக்கும் தவிடும் எறைக்கற எடத்துல இப்பக் காக்கிலோ போதும், மிஞ்சினா மீன் அதத் தின்னுட்டு முள்ளுப் பக்கம் வராது. உருண்டை பத்து நிமிசத்துல உதிரணும். ரீல் இழுவையக்கூட (மீன் இழுத்தா நரம்பை விட்டுக் குடுக்கற இறுக்கம்) நரம்போட தாங்கு எடையில கால் பங்குக்கு வைக்கச் சொன்னான். இவ்வளவு தெரிஞ்சவன் பொய்ச் சாமான் அனுப்புவான்னு யாருக்குங்க தோணும்? தொழில் தெரிஞ்சவனும் ஏமாத்துவான், அது ஒறைக்கல. பொங்கல் நெருக்கத்துல கூரியர்காரங்க வீட்டு வாசல்ல பணம் வாங்கறதில்லன்னு சொன்னப்பவாவது உஷாராகியிருக்கணும்.

பெட்டியப் பிரிச்சா ராடு கருகருன்னு பளபளன்னுதான் இருந்துச்சு. அடிக்கட்டை முனைய உப்புத்தாள்ல தேய்ச்சா உள்ள வெள்ளை. கண்ணாடி நார் மேல கறுப்புப் பெயின்ட். மல்டிமீட்டர்ல ஓம்ஸ் வச்சு, தேய்ச்ச எடத்துல ரெண்டு முனையையும் தொட்டா மீட்டர் முள்ளு அசையல. கார்பன்னா மின்சாரம் போகும், கொஞ்சமாவது காட்டும். (நெஜக் கார்பன் ராடு வச்சிருக்கறவங்க வாய்க்கால் கரையில மின்கம்பிக்குக் கீழ வீசிராதீங்க, அதே காரணம்.) எடை போட்டா 340 கிராம். ரெண்டு மணி நேரம் புடிச்சா மணிக்கட்டு விட்டுப் போயிரும், மார்கழிக் கடி எங்க தெரியறது?

நரம்புதான் பெரிய திருட்டு. அடுப்படியிலயே கண்டுபுடிக்கலாம். நூறு மில்லி தண்ணியில 35 கிராம் உப்பு, இனிமேக் கரையாதுங்கற வரைக்கும் கலக்குங்க. நரம்புல வெரக்கடை நீளம் வெட்டி, பாத்திரம் கழுவற சோப்பு ஒரு சொட்டு தடவி (குமிழி ஒட்டாம இருக்க) உள்ள அமுக்கி விடுங்க. நைலானோட அடர்த்தி 1.14, அந்த உப்புத்தண்ணி 1.2 கிட்ட, அதனால மேல வந்து மெதக்கும். ஃபுளூரோகார்பன் 1.78, கல்லு மாதிரி அடியில போயிரும். இது மெதந்துச்சு. சாதா தங்கூசு! வெறும் தண்ணியில போட்டுப் பாத்து ஏமாறாதீங்க, அதுல ரெண்டுமே அமுங்கும், நைலான் மெதுவா அமுங்கும், அவ்வளவுதான்.

தடிமனும் பொய். பென்சில்ல நெருக்கி 20 சுத்து சுத்துனா 0.28க்கு 5.6 மில்லிமீட்டர் எடம்தான் புடிக்கணும். இது 8 புடிச்சுச்சு, அப்ப 0.40. அவ்வளவு தடிச்ச நைலான் காலக் குளிருல வெறைச்சுக்கிட்டு, ஸ்பூல்ல இருந்த சுருள் அப்படியே ஸ்பிரிங் மாதிரி கழண்டு கழண்டு விழுது. பத்து மீட்டர் தள்ளி ரெண்டு குச்சி நட்டுச் சுத்துனா நாலரை சுத்து, அதாவது 90 மீட்டர். சொன்னது 150.

ரீல்ல இழுவையச் சோதிக்க ஒரு லிட்டர் தண்ணி பாட்டில் போதும், ஒரு கிலோ. நரம்புல கட்டித் தொங்கவிட்டு, பாட்டில் மெதுவா எறங்கற அளவுக்குத் திருகைத் தளத்தணும். நல்ல ரீல்ல சீரா எறங்கும். இதுல அசையாம நின்னு, திடீர்னு ஒரு சாண் விழுது, மறுபடி நிக்குது. உள்ள ஒரே ஒரு ஃபெல்ட் வாஷர், அதுவும் காஞ்சு கெடக்குது. மீன் தலைய ஒதறுற அந்த ஒரு நொடியில சன்ன நரம்பு அத்துக்கும். நரம்பு ஓடுற குட்டி உருளையும் சுத்தல, விரல்ல தள்ளினாலும் சுத்தல. அது நின்னா நரம்பு ஒரே எடத்துல ஒரசி ஒரு வாரத்துல நைஞ்சிரும். ஸ்பிரிங், தக்கை பரவால்ல. எல்லாம் சேத்து ரூ.300 பொறும். கட்டினது ரூ.6,850.

அப்பறம் நடந்த கூத்து. முதநாள்: "பிரிக்கறப்ப வீடியோ எடுத்தீங்களாங்ணா?" எடுக்கல. "அப்ப எங்க சாமான்தான்னு எப்படிங்ணா நம்பறது?" ரெண்டாநாள்: "குளுருல ரீல் அப்படித்தான் இறுகும்ங்ணா, வெயில் வந்தாச் சரியாயிரும்." நம்மூர்க் குளுரு கிரீஸை இறுக்கும், வாஷரைக் காணாமப் பண்ணுமா? உப்புத்தண்ணிப் படத்த அனுப்புனதுக்கு வந்த பதில்தான் உச்சம்: "நரம்பை உப்புல போட்டுட்டீங்க, இனி வாரண்டி கெடையாது." மூணாநாள் ஓனர் சபரிமலை போயிட்டாராம், ஜோதி பாத்துட்டுத்தான் வருவாராம். நேத்து பொங்கல் லீவு. இன்னைக்கு ஒத்தை டிக், போன் எடுக்கறதில்ல. ரூ.6,850ங்க, ரூபா ரெண்டு இல்ல.

வரிசையா எழுதறேன்னு சொன்னேன், கை ஓடமாட்டேங்குது. அவசரத்துக்கு இது மட்டும்: முன்பணம் கட்டாதீங்க, தள்ளுபடி எவ்வளவு குடுத்தாலும். பெட்டிய முகவரிச் சீட்டு தெரியறாப்புல வீடியோ எடுத்துக்கிட்டே பிரிங்க. ராடும் ரீலும் கையில புடிச்சுப் பாத்து வாங்குங்க, பாட்டிலக் கட்டித் தொங்கவிட ஒத்துக்காத கடையில வாங்காதீங்க. நரம்பை மட்டும் தனியா வாங்குங்க, செட்டுல வர்றது எப்பவும் மட்டம். பணம் அனுப்புன ரசீது எண்ணை அழிச்சிராதீங்க. பணம் போன உடனே சைபர் மோசடிப் புகாருக்கு 1930, நுகர்வோர் புகாருக்கு 1915. நான் நாலு நாள் அவன் பதிலுக்குக் காத்துக்கிட்டு இருந்துட்டு இன்னைக்குத்தான் கூப்புட்டேன், நீங்க அன்னைக்கே கூப்புடுங்க.

அவங்க விளம்பர வீடியோவ அடையாளம் தெரிஞ்சுக்கங்க: பனி மூடுன தண்ணி, செவப்புத் தக்கை, பின்னாடி ஒரு பரிசல். காலையில பாத்தேன், "தைத் திருநாள் ஆஃபர் ரூ.5,999"னு இன்னமும் ஓடுது.