எபிடெர்ம் தோல் மாதிரி: பாக்டீரியா வளர்ப்போருக்கு ஏற்றதா?

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஆஷ்லண்ட் நகரிலுள்ள மேட்டெக் நிறுவனம் தயாரிக்கும் எபிடெர்ம் என்னும், ஆய்வகத்தில் வளர்த்த புறத்தோல் மாதிரியைப் பெரும்பாலும் அழகுசாதன, வேதிப்பொருள் துறையினரே வாங்குகின்றனர். ஒரு பொருள் தோலில் எரிச்சல் உண்டாக்குமா என்று விலங்குகளைப் பயன்படுத்தாமல் சோதிக்க, பொருளாதார ஒத்துழைப்புக்கான பன்னாட்டு அமைப்பான ஓஇசிடி 2010இல் ஏற்ற 439ஆம் வழிகாட்டியில் இடம்பெற்ற மாதிரிகளுள் இதுவும் ஒன்று. அந்த வேலையில் இதன் தகுதி ஏற்கெனவே நிலைநாட்டப்பட்டது. மனிதத் தோலில் வாழும் பாக்டீரியாக்களை இதன்மேல் குடியேற்ற நினைப்பவருக்கு இது எவ்வளவு உதவும் என்பதை மட்டும் இங்கே பார்க்கலாம்.

புறத்தோலை உருவாக்கும் மனிதக் கெரட்டினோசைட் செல்களை நுண்துளைச் சவ்வின்மீது இட்டு, அடியில் ஊடகமும் (செல்களுக்கான சத்து நீர்) மேலே காற்றும் படுமாறு வளர்ப்பதால், அவை அடுக்கடுக்காக முதிர்ந்து, உச்சியில் உயிரற்ற கெரட்டின் படலமாகின்றன. இதன் முதன்மைச் சிறப்பு இந்தப் படலமே. பாக்டீரியா வளர்க்கும் அகார் கூழ்த் தட்டில் சத்து மிகுதியில் பெருகும் ஸ்டெஃபைலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ் என்னும் தோல் பாக்டீரியா, இங்கே வறண்ட பரப்பில் கிடைத்ததைக் கொண்டு வாழ வேண்டியிருக்கிறது. அதற்குத் தோல் செல்கள் காட்டும் எதிர்வினையையும் உடன் அளக்க முடிகிறது. எந்தத் தட்டும் தராத வசதி இது.

ஆனால் வாங்கும்போதே ஒன்றைக் கவனிக்க வேண்டும். வழக்கமான ஊடகத்தில் பாக்டீரியாவைக் கொல்லும் ஜென்டாமைசினும் பூஞ்சையைக் கொல்லும் ஆம்ஃபோடெரிசினும் கலந்திருக்கும். ஆன்டிபயாடிக் இல்லாத வகையைக் கேட்டு வாங்காவிட்டால், விதைத்த பாக்டீரியா பெருகாததற்குத் தோலைக் குறை சொல்லிக்கொண்டிருப்போம். விதைக்கும் துளியும் சிறிதாக இருக்க வேண்டும். அளவு மிகுந்தால் திரவம் ஓரத்துக்கு ஓடிச் சவ்வின் விளிம்பு வழியாகக் கீழே கசியக்கூடும். மறுநாள் ஊடகம் கலங்கியிருப்பதைப் பார்த்து, பாக்டீரியா தோலைத் துளைத்துவிட்டதாக எண்ணிவிடவும் வாய்ப்புண்டு. செல்கள் உயிரோடு உள்ளனவா என்று அறிய இத்துடன் வழக்கமாகச் செய்யும் எம்டிடி சோதனையும் இங்கே நம்பத்தக்கதன்று. அதில் உயிருள்ள செல்கள் ஒரு மஞ்சள் சாயத்தை ஊதா நிறமாக்கும்; உயிருள்ள பாக்டீரியாவும் அதையே செய்யும். செத்த திசுவும் நலமாகத் தெரியக்கூடும் என்பதால், சிதைந்த செல்களிலிருந்து ஊடகத்தில் கசியும் எல்டிஎச் நொதியை அளப்பதும் திசுவை வெட்டி நுண்ணோக்கியில் பார்ப்பதுமே மேல்.

பல இனங்கள் சேர்ந்து வாழும் முழுச் சமூகத்தை வளர்ப்பதில்தான் எனக்குத் தயக்கம். இதில் மயிர்க்கால் இல்லை, எண்ணெய்ச் சுரப்பி இல்லை, வியர்வையும் இல்லை. மயிர்க்காலுக்குள் ஆக்சிஜன் குறைந்த இடத்தில் தோலெண்ணெயை உண்டு வாழும் க்யூட்டிபாக்டீரியம் ஆக்னெஸ் என்னும் பாக்டீரியா இங்கே எங்கே போய் ஒதுங்கும்? தோல் பரப்பின் வெப்பம் ஏறத்தாழ 32 டிகிரி. இன்குபேட்டரிலோ 37 டிகிரியும் மிகுந்த ஈரப்பதமும். இந்தச் சூழலில் வேகமாகப் பெருகும் இனம் மற்றவற்றை மூழ்கடித்துவிடும். பிறகு கிடைப்பது நெற்றியின் சமூகமும் அன்று, அக்குளின் சமூகமும் அன்று. செயற்கைத் தோலெண்ணெய் பூசுவது ஓரளவு உதவும், அவ்வளவே.

ஓரிரு இனங்களைக் கொண்டு சில நாள்களுக்குள் முடியும் சோதனைக்குத் தயங்காமல் வாங்கலாம். முழுச் சமூகமே வேண்டுமென்றால், அறுவைச் சிகிச்சையில் அகற்றப்படும் மனிதத் தோலை உரிய ஒப்புதலுடன் பெற்றுப் பயன்படுத்துவதே இதைவிடப் பொருத்தம். எப்படியானாலும், குளிரூட்டி அனுப்பப்படும் இது உயிருள்ள திசு. ஃப்ரீசரில் போட்டு வைக்க முடியாது என்பதால், பெட்டி வந்து சேருமுன்பே பாக்டீரியா வளர்ப்பு தயாராக இருக்க வேண்டும்.