மச்சா, மெனியா? லிஸ்ட், எத்தனை-எவ்ளோ, டிக்ஷனரி: எது வேலைக்கு ஆகுது

தண்டையார்பேட்டைல எங்க வீட்டு மொட்டமாடில சாயங்காலம் பசங்களுக்கு இங்கிலீஷ் கிராமர் சொல்லித்தரேன், கவுண்டபிள் (எண்ணுற வார்த்தை), அன்கவுண்டபிள் (எண்ணாத வார்த்தை) வந்தாலே எல்லாம் முழிக்கும். இத புடிக்க மூணு வழி இருக்கு, மூணையும் அதுங்க கிட்ட ட்ரை பண்ணி பாத்தாச்சு.

மொதல்ல லிஸ்ட். கடைசில எஸ் வராத அன்கவுண்டபிள் வார்த்தைங்கள வாட்டர், ரைஸ், ஃபர்னிச்சர், அட்வைஸ், இன்ஃபர்மேஷன்னு உருப்போடுறது. நாளைக்கு டெஸ்ட்னா ஓகே, ஆனா லிஸ்ட்ல இல்லாத எக்விப்மென்ட் வந்தப்போ பாதி பேர் கடைசில எஸ் போட்டுட்டு உக்காந்திருந்தானுங்க.

எனக்கு புடிச்சது ரெண்டாவது தான், நம்ம தமிழ வெச்சே பாக்குறது. எத்தனைன்னு கேட்டா கவுண்டபிள், மெனி போடு; எவ்ளோன்னு கேட்டா அன்கவுண்டபிள், மச் போடு. எத்தனை இட்லி, எவ்ளோ சாம்பார், முடிஞ்சிது. பணத்த எண்ணுறோமே அப்புறம் மணி எப்படி அன்கவுண்டபிள்னு வருஷா வருஷம் ஒருத்தன் கேப்பான், டேய் எத்தனை பணம்னு எவனாவது கேப்பானா, எவ்ளோ பணம்னு தானே கேக்குறோம், நீ எண்ணுறது நோட்டன்னு சொன்னா டக்குனு புரிஞ்சிரும்.

ஒரு பையன், அவங்க அப்பா கடலுக்கு போறவரு, "அண்ணா, காசிமேட்டுல மீன் கூடை எவ்ளோன்னு தானே கேப்போம், அப்போ பாஸ்கெட் அன்கவுண்டபிளா?"ன்னான். எனக்கே ஒரு செகண்ட் ஓடல. அந்த எவ்ளோ வெலைய கேக்குது, கூடைய இல்ல. இங்கிலீஷ்லயும் வெலைக்கு ஹவ் மச் தான், அதனால வெல கேக்குற எவ்ளோவ இந்த கணக்குல சேக்காதன்னேன்.

ஆனா இந்த வழி கவுக்குற எடம் ஒண்ணு இருக்கு, பெரும்பாலும் நாம தமிழ்ல கலந்து பேசுற இங்கிலீஷ் வார்த்தைங்க தான். ஆட்டோக்காரர் எத்தனை லக்கேஜ்னு கேப்பாரு, ஒரு நியூஸ் தெரியுமாம்போம், ரெண்டு அட்வைஸ் குடுப்போம். நாம எண்ணிட்டோம், இங்கிலீஷ்காரன் எண்ண மாட்டான், பீஸ் ஆஃப் அட்வைஸ்னு முன்னாடி ஒண்ண சொருகுவான். இது ஒண்ணும் புதுசில்ல, கீரைய கட்டுல வாங்குறோம், மீன கூறுல வாங்குறோம், பூவ முழத்துல வாங்குறோம்ல அதே தான் (ஆனா ஃப்ளவர் அவனுக்கு கவுண்டபிள், அங்க முழம் கெடையாது). தகவல் தமிழ் வார்த்தையா இருந்தும் ஏமாத்தும், ரெண்டு தகவல்னு எண்ணுறோம், இன்ஃபர்மேஷனுக்கு எஸ்ஸே வராது.

அங்க தான் மூணாவது, லர்னர்ஸ் டிக்ஷனரி. வார்த்தை பக்கத்துல ஸின்னு (C) எழுத்து இருந்தா கவுண்டபிள், யுன்னு (U) இருந்தா அன்கவுண்டபிள். ஹார்ன்பின்னு ஒருத்தர் ஜப்பான்ல இங்கிலீஷ் சொல்லிக்குடுத்துட்டு இருந்தப்போ தயார் பண்ணி, 1942ல டோக்கியோல வெளிவந்த டிக்ஷனரிலயே இந்த பிரிவு இருந்துச்சு, அது தான் அப்புறம் ஆக்ஸ்ஃபோர்டு லர்னர்ஸ் டிக்ஷனரியா மாறுச்சு. நம்மள மாதிரி வெளில இருந்து கத்துக்குறவங்களுக்குன்னே யோசிச்சது. ஒரே தொல்லை, வார்த்தைக்கு வார்த்தை தேடிட்டு இருந்தா பேச்சு வராது, அதனால லக்கேஜ் அட்வைஸ் வகையறாவுக்கு மட்டும் தேடுங்கடான்னு விட்டுட்டேன்.

ரெண்டு எழுத்தும் சேந்து நிக்குற வார்த்தைய பாத்தா தான் பசங்க கடுப்பாவானுங்க. ஃபிஷ் வலைல துள்ளுறப்போ எண்ணலாம், கொழம்பாகி தட்டுக்கு வந்தா எண்ண முடியாது. ஹேர் அப்படியே உல்டா, தலைல இருக்குற வரைக்கும் அன்கவுண்டபிள், அதே கொழம்புல ஒண்ணு கெடந்தா கவுண்டபிள்.